ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டதா? ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

குமுளி, கம்பம், கூடலூர் பக்கம் ஒரு பென் டிரைவ் ஒரே நாளில் இரண்டு மாநிலத்தையும் சுற்றி வந்துவிடும். காலையில் கேரளப் பக்கம் அக்‌ஷயா மையத்தில் ஒரு விண்ணப்பம், மதியம் மலையிறங்கி வந்து கம்பத்தில் இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழ், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரிண்ட் கடை, ராத்திரி வீட்டு சிஸ்டம். ஏலக்காய் வியாபாரம் பார்ப்பவர்களுக்கு அலைச்சல் இன்னும் கூடுதல். புத்தடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையங்கள் இருக்கின்றன. லாட் விவரம், பில், தோட்டக் கணக்கு என்று எதையாவது சுமந்துகொண்டு அந்த டிரைவ் போய்க்கொண்டே இருக்கும்.

இப்படிச் சுற்றும் டிரைவில் வைரஸ் ஏறுவது எங்கள் பக்கம் வாடிக்கை. நான் பார்ப்பதில் பெரும்பாலானவை வார்ம் வகை, அதாவது தானே தன்னைப் பிரதி எடுத்துக்கொண்டு அடுத்த கணினிக்குத் தாவும் புழு. கடைக்குக் கொண்டுபோனால் முதலில் வரும் கேள்வி, “ஃபார்மட் அடிச்சிரலாமா அண்ணே?” என்பதுதான். தயவுசெய்து அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களும் வருஷக்கணக்கான கூலிக் கணக்கும் இப்படி அநியாயமாக அழிந்துபோயிருக்கின்றன. அந்த ஃபைல்கள் அதுவரை அதே டிரைவில்தான் இருந்தன. புழு அவற்றை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஃபார்மட் அடித்தாலும் புழு போவதில்லை. வீட்டுக் கணினியில் அது உட்கார்ந்திருந்தால், சுத்தமான டிரைவைச் செருகிய சில நொடிகளில் மறுபடி ஏறிவிடும். வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பேன் வந்தால் எல்லார் தலையையும் ஒரே நாளில் பார்ப்பதுபோல, கணினி, டிரைவ்கள், அண்ணன் லேப்டாப், ரவுட்டர் எல்லாவற்றையும் ஒரே சுற்றில், சரியான வரிசையில் பார்க்க வேண்டும். வரிசை தவறினால் அடுத்த வாரமே மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

வைஃபையை அணையுங்கள், லேன் கேபிள் இருந்தால் உருவுங்கள். அந்தக் கணினியில் பேங்க், மெயில், யுபிஐ எதையும் திறக்காதீர்கள். திரையில் என்ன தெரிகிறதோ அதை போனில் படமெடுத்து வையுங்கள். எந்தச் செய்தி, எந்தப் பெயர், எத்தனை மணி என்பதெல்லாம் பிறகு உதவும். அப்புறம் வீட்டில் இருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு ஒதுக்கி வையுங்கள். அந்தக் கணினி சுத்தமாகும் வரை எதையும் செருகக் கூடாது, ‘சும்மா செக் பண்ணிப் பார்க்க’க்கூட.

அறிகுறி: ஃபோல்டர்கள் மேல் அம்புக்குறி, அல்லது டிரைவுக்குள் இன்னொரு டிரைவ்

எங்கள் பக்கம் அதிகம் வருவது இதுதான். டிரைவைத் திறந்தால் எல்லா ஃபோல்டரும் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் வளைந்த சின்ன அம்புக்குறி ஒட்டியிருக்கும். வேறு சில சமயம் டிரைவுக்குள்ளே அதே டிரைவின் பெயரில் ஒரே ஒரு ஐகான் மட்டும் இருக்கும். அதைத் தட்டினால்தான் ஃபைல்கள் வரும்.

டபுள் கிளிக் செய்யாமல், ஒரு அம்புக்குறி ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ‘டார்கெட்’ என்ற கட்டத்தில் கர்சரை வைத்துக் கடைசி வரை நகர்த்துங்கள். ‘தோட்டம் கூலி’ என்ற ஃபோல்டரின் முகவரி மட்டும் இருக்க வேண்டிய இடத்தில், சிஎம்டி என்று தொடங்கும் ஒரு நீண்ட வரி இருக்கும். நடுவில் டபிள்யூஸ்கிரிப்ட் அல்லது ரன்டிஎல்எல்32 என்ற பெயரும் (இவை விண்டோஸின் சொந்த நிரல்கள்தான், புழு தன்னை ஓட்ட இவற்றைக் கூப்பிடுகிறது), ஒரு புரியாத ஃபைல் பெயரும் வரும். கடைசியில்தான் ‘தோட்டம் கூலி’ வரும். இந்த ஒரு வரியில்தான் தந்திரம் முழுவதும் இருக்கிறது. நீங்கள் தட்டும்போது முதலில் புழு ஓடுகிறது, அடுத்து உங்கள் உண்மையான ஃபோல்டரும் திறக்கிறது. கேட்டது கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

புழுவுக்கு ஏன் இந்தச் சுற்றுவழி? முன்பெல்லாம் டிரைவைச் செருகினாலே போதும், ஆட்டோரன் வசதி புழுவைத் தானாக ஓட்டிவிடும். விண்டோஸ் 7-இல் பென் டிரைவுக்கு அந்த வசதி எடுக்கப்பட்டது. எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கு 2011 பிப்ரவரியில் அப்டேட் மூலம் அதை அடைத்தார்கள். அதன் பிறகு புழுவுக்கு நம் கையால் ஒரு டபுள் கிளிக் தேவைப்படுகிறது. ஷார்ட்கட் வேஷம் அதற்காகத்தான்.

சரி, நீக்குவது எப்படி? கணினிதான் முதலில், டிரைவ் அதற்குப் பிறகு.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் டபிள்யூஸ்கிரிப்ட் என்ற பெயர் ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். வீட்டுக் கணினியில் அது சும்மா ஓடிக்கொண்டிருக்கக் காரணம் அநேகமாக இருக்காது. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ போய், முதலில் அப்டேட் கொடுங்கள். அதற்கு நெட் வேண்டும். வீட்டு வைஃபையில் சேர்க்காமல், போன் ஹாட்ஸ்பாட்டில் சிறிது நேரம் மட்டும் சேருங்கள். வைஃபையில் மற்றவர்களின் லேப்டாப்பும் இருக்கும், புழு அந்த வழியாகவும் நகரும்.

அப்டேட் முடிந்ததும் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கும் (டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்). அதைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே தேடும். புழு தூங்கும்போது பிடிபடும் என்பதால் சாதாரண ஸ்கேனைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன். சுமார் 15 நிமிடம் ஆகும், பழைய சிஸ்டம் என்றால் கூடலாம். யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். இடுக்கிப் பக்கம் மழைக்காலத்தில் இடி இடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லேப்டாப் என்றால் சார்ஜ் நிறைந்திருக்கட்டும். அது முடிந்தபின் ஒரு ‘ஃபுல் ஸ்கேன்’ ஓட்டிவிட்டுப் படுத்துவிடலாம், அது மணிக்கணக்கில் ஓடும்.

கணினி சுத்தம் என்று தெரிந்த பிறகு டிரைவுக்கு வாருங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ அமைப்புகளில் மூன்று மாற்றங்கள் வேண்டும். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள், ‘ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக்கை எடுங்கள் (ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் வால்தான் எக்ஸ்டென்ஷன்), ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கையும் எடுங்கள். மூன்றாவதை எடுக்கும்போது விண்டோஸ் எச்சரிக்கும், சரி என்று கொடுத்துவிடலாம், வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள். டிரைவைச் செருகி, திறக்கும் முன்பே ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். அதன்பின் திறந்தால் உங்கள் அசல் ஃபோல்டர்கள் வெளிறிய நிறத்தில் அப்படியே இருக்கும். அவற்றின் பக்கத்தில் அம்புக்குறி ஷார்ட்கட்டுகள், விபிஎஸ் அல்லது ஜேஎஸ் என்று முடியும் ஒன்றிரண்டு ஃபைல்கள், சில சமயம் ஆட்டோரன் என்ற பெயரில் ஒன்று இருக்கும். இவை எல்லாம் புழுவின் சாமான், அழித்துவிடுங்கள். ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற ஃபோல்டர் விண்டோஸ் தானே உருவாக்குவது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சில வகைப் புழுக்கள் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டரை உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடும். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகத் தெரியும். டிரைவுக்குள் டிரைவ் தெரிந்தது இதனால்தான். அந்தப் பெயரற்ற ஃபோல்டருக்குள் போய், உள்ளே இருப்பதை வெட்டி வெளியே ஒட்டிவிட்டால் போதும்.

வெளிறிய ஃபோல்டர்களைப் பழையபடி ஆக்க ஒரு கட்டளை வேண்டும். காரணம், புழு அவற்றுக்கு ‘மறைந்தது’ என்பதோடு ‘சிஸ்டம்’ என்ற முத்திரையையும் சேர்த்துக் குத்தியிருக்கும். அதனால் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள டிக்கை எடுக்க முடியாது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, போனில் சொல்வதுபோல எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள். முதலில் அட்ரிப்: ஏ, ‘டைம்’ என்பதில் வரும் டி இரண்டு தடவை, ஆர், ஐ, ‘பஸ்’ என்பதில் வரும் பி. ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் எச்சும். இடைவெளி, மைனஸ் எஸ். இடைவெளி, மைனஸ் ஆர். இடைவெளி, முன்சாய்ந்த கோடும் எஸ்ஸும். இடைவெளி, அதே கோடும் ‘டேட்டா’வின் டியும். இடைவெளி, டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி (மேலும் கீழுமாக இரண்டு புள்ளி), பின்சாய்ந்த கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். கடைசியில் எண்டர். டிரைவின் எழுத்தை இரண்டு தடவை சரிபாருங்கள். விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் இதை ஒருபோதும் ஓட்டக் கூடாது.

கட்டளை எல்லாம் வேண்டாம், எனக்கு ஃபைல் மட்டும் அவசரமாக வேண்டும் என்பவர்களுக்கு ஓடிஜி வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஒரு சின்ன ஓடிஜி அடாப்டர் போட்டு டிரைவைச் செருகுங்கள். விண்டோஸுக்காக எழுதப்பட்ட இந்தப் புழு போனில் ஓடாது, அது போட்ட மறைப்பையும் போன் பொருட்படுத்தாது. ஃபோல்டர்கள் இயல்பாகத் தெரியும், வேண்டியதை போனுக்கு எடுத்துக்கொள்ளலாம். டிரைவ் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்-ஃபேட் வகையாக இருந்தால் பெரும்பாலான போன்கள் படிக்கும். நாளைக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு ஃபைலைக் காணோம் என்று நிற்கும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அறிகுறி: சுத்தம் செய்தாயிற்று, ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது

ஷார்ட்கட்டை அழித்த கையோடு, கண் முன்னாலேயே மறுபடி முளைத்தால் அந்தக் கணினியில் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டு நாள் கழித்து வந்தால், வெளியிலிருந்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இந்த வித்தியாசத்தைக் கவனித்தாலே தேட வேண்டிய இடம் பாதி குறைந்துவிடும்.

முதல் வகைக்கு, கணினி ஆன் ஆகும்போது புழு எங்கிருந்து எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்டப் ஆப்ஸ்’ பாருங்கள். அதைவிட முக்கியம் ‘டாஸ்க் ஷெட்யூலர்’. ஒவ்வொரு நிமிடமும் அல்லது ஒவ்வொரு லாகினிலும் ஓடும்படி, டபிள்யூஸ்கிரிப்ட், பவர்ஷெல், எம்எஸ்எச்டிஏ என்ற பெயர்களைக் கூப்பிடும் ஒரு வேலை அங்கே பதிவாகியிருக்கலாம். ஃபைலின் முகவரியில் ‘ஆப்டேட்டா’ என்றும், அதற்குப் பின் அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டமும் இருந்தால் அது சந்தேகத்துக்குரியது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘ஆட்டோரன்ஸ்’ என்ற கருவி இந்த இடங்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். அதில் மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கச் சொல்லிவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். சந்தேகம் உள்ளதை உடனே அழிக்காதீர்கள், டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பிரிண்டர், டச்பேட் எல்லாம் ஒழுங்காக இருந்தால் அப்புறம் அழிக்கலாம்.

அடுத்து டிஃபெண்டரில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். ஸ்கேன் தொடக்கூடாத இடங்கள் என்று அங்கே குறிக்கலாம். புழுவே தன் ஃபோல்டரை அதில் எழுதிக்கொள்ளும். இன்னும் வருத்தமான விஷயம், பல வீடுகளில் நாமே எழுதிக் கொடுத்திருப்போம். கிராக் சாஃப்ட்வேர் போடும்போது, “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க, இந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் பண்ணுங்க” என்று ஒரு குறிப்பு வருமே, அதுதான். முழு சி டிரைவையே விலக்கி வைத்திருந்தால் எத்தனை ஸ்கேன் ஓட்டினாலும் ‘நோ த்ரெட்ஸ்’ என்றுதான் வரும். அந்தப் பட்டியலைக் காலி செய்துவிட்டு, ‘டாம்பர் புரொடெக்‌ஷன்’ (டிஃபெண்டரின் அமைப்புகளை வேறு நிரல் மாற்றவிடாத காவல்) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள்.

இரண்டாவது வகைக்கு மருந்து டப்பாவில் ஒதுக்கி வைத்த சாமான்களில் இருக்கிறது. எல்லா டிரைவையும் ஒரே உட்காரலில் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யுங்கள். கேமரா கார்டு, பாட்டுக்காக ஜீப்பில் செருகி வைத்திருக்கும் பென் டிரைவ், ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்த தங்கையின் லேப்டாப் எதையும் விடாதீர்கள். ஜீப் டிரைவை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். காரின் ஸ்டீரியோவில் அது எதுவும் செய்யாது. ஆனால் புதுப் பாட்டு ஏற்ற மறுபடி கணினிக்கு வரும் நாளில் புழுவும் வரும்.

அறிகுறி: ஆன்டிவைரஸ் திறக்கவில்லை, அப்டேட் ஓடவில்லை, சில தளங்கள் மட்டும் வருவதில்லை

செய்தித்தாள் தளம் வருகிறது, யூடியூப் வருகிறது, ஆனால் ஆன்டிவைரஸ் கம்பெனி தளமும் மைக்ரோசாஃப்ட் தளமும் மட்டும் வரவில்லை என்றால் அது நெட் கோளாறு இல்லை. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு இந்த உத்தியைப் பெரிய அளவில் கையாண்டது. பாதுகாப்புத் தளங்களின் பெயர்களைக் கணினி தேடவிடாமல் தடுத்து, விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவிடும். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபர் 23-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள்.

இந்த நிலையில் கணினிக்குள் இருந்தே போராடிப் பயனில்லை. வேறு சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்டின் ‘சேஃப்டி ஸ்கேனர்’ கருவியை இறக்கி, காலியான ஒரு டிரைவில் கொண்டுவாருங்கள். அந்த டிரைவும் இப்போது தீட்டுப்பட்டது என்று கணக்கில் வையுங்கள். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும் என்பதால், போன மாதம் இறக்கியதை எடுத்து ஓட்டாதீர்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது, காசு கட்டி வாங்க யோசிப்பவர்கள் தாராளமாக நம்பலாம்.

ஸ்கேன் சுத்தம் என்று சொன்ன பிறகும் தளங்கள் வரவில்லையா? செட்டிங்ஸில் ‘ப்ராக்ஸி’ (நெட்டை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், நீங்கள் வைக்காதது என்றால் அணையுங்கள். அதே வைஃபையில் உள்ள போனிலும் தளங்கள் தாறுமாறாகப் போனால் கோளாறு ரவுட்டரில். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் டிஎன்எஸ் முகவரி அதில் மாற்றப்பட்டிருக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபைபர் இணைப்பு என்றால் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டுவிடாதீர்கள். இணைப்புத் தந்தவர் பதிந்து வைத்த விவரமும் சேர்ந்து அழிந்து, அவர் ஆள் வரும் வரை நெட்டே இருக்காது. முதலில் போன் செய்து, கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். செய்யும்போதே ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும், பாஸ்வேர்டு இல்லாமல் பட்டன் அல்லது பின் எண்ணால் வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

அறிகுறி: சும்மா இருக்கும்போதும் ஃபேன் இரைகிறது

கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்த கணமே சத்தம் அடங்கினால் சந்தேகம் பலமாகிறது, கண்காணிக்கப்படுவது தெரிந்ததும் ஒளிந்துகொள்ளும் வகை உண்டு. நீக்கும் வழி மேலே சொன்னதேதான். ஸ்கேனில் எதுவும் இல்லை, அப்டேட்டும் ஓடவில்லை என்றால் கேபினெட்டைத் திறந்து தூசியைத் தட்டுங்கள். தெருவோர வீடுகளில் பாதிக் கேஸ் அதிலேயே தீரும்.

அறிகுறி: உங்கள் பெயரில் மற்றவர்களுக்குச் செய்தி போகிறது

“தம்பி, நீ அனுப்புன ஜிப் ஃபைல் திறக்கலையே” என்று சித்தப்பா போன் செய்தால், அனுப்பியது நீங்கள் இல்லை என்றால், முதலில் எல்லாருக்கும் ‘திறக்காதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள். மெயிலில் இந்த வேலை பழையது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸில் இருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ புழு முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லாருக்கும் இப்படித்தான் போனது. இப்போது வாட்ஸ்ஆப் வெப் வழியாகவும் நடக்கிறது. 2025-இல் பிரேசிலில் பரவிய ஒரு புழு, கணினியில் திறந்திருக்கும் வாட்ஸ்ஆப் வெப்பில் புகுந்து தொடர்பில் உள்ளவர்களுக்கெல்லாம் ஜிப் ஃபைலை அனுப்பியது. போனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ திறந்து அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். மெயிலிலும் எல்லா இடத்திலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாத இடம் இது. பிரவுசரில் திறந்திருக்கும் உள்நுழைவையே திருடிவிட்டால், சில சமயம் அவர்களுக்குப் பாஸ்வேர்டே தேவைப்படாது. புதிய பாஸ்வேர்டை போனில் இருந்து வையுங்கள், நோய் பிடித்த கணினியில் இருந்து வேண்டாம்.

அறிகுறி: ஃபைல் பெயர்களுக்குப் பின்னால் புது வால், திரையில் பணம் கேட்கும் குறிப்பு

இது ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் நிரல். இதில் நிமிடங்கள் முக்கியம். பூட்டும் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். நெட்டையும், செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்கையும் உருவிவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். பூட்டாத ஃபைல்கள் மிச்சமாவது தப்பும்.

2017 மே 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வானாக்ரை புழு உலகம் முழுக்கப் பரவியபோது நம் எல்லைக்கு அந்தப்புறமும் அடிபட்டது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் சில பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும், ஆந்திரத்தில் சித்தூர் உள்ளிட்ட சில மாவட்டங்களில் போலீஸ் கணினிகளும் பூட்டிக்கொண்டன. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, எஸ்எம்பி என்ற பழைய பகிர்வு முறையின் ஓட்டை வழியே கணினிக்குக் கணினி அது தாவியது. திருத்தம் அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது. இரண்டு மாதம் அப்டேட் போடாததன் விலை அது.

பணம் கட்ட வேண்டாம். கட்டினாலும் சாவி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘நோ மோர் ரேன்சம்’ என்ற தளத்தில் பூட்டிய ஃபைல் ஒன்றை ஏற்றினால் எந்த வகை, திறக்கும் கருவி உண்டா என்று சொல்லும். 2016-இல் யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது அது. இன்றைக்குச் சாவி இல்லை என்றாலும், பூட்டிய ஃபைல்களைத் தனி டிஸ்கில் பத்திரப்படுத்துங்கள். வருடங்கள் கழித்துச் சாவி வெளியான வகைகள் உண்டு.

பேங்க் பணமும் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எல்லையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு தயக்கம் வரும். வீடு கூடலூரில், சிம் கேரளத்தில், பேங்க் கணக்கு குமுளியில், எந்த ஸ்டேஷனுக்குப் போவது? பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷனுக்கே போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று பார்க்காமல் எங்கும் புகாரைப் பதியலாம். ‘ஜீரோ எஃப்ஐஆர்’ என்று கேளுங்கள்.

எப்போது விண்டோஸை மறுபடி போடுவது

இரண்டு ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் அறிகுறி நின்றால், அல்லது ஒவ்வொரு ஸ்கேனிலும் நூற்றுக்கணக்கில் இஎக்ஸ்இ ஃபைல்கள் (தட்டினால் ஓடும் நிரல்கள்) சிக்கினால், மறுபடி போடுவதுதான் நல்லது. வியாபாரப் பணப் பரிமாற்றம் நடக்கும் கணினியாக இருந்தால் நான் அதற்கு முன்பே அந்த முடிவுக்கு வந்துவிடுவேன். படம், ஆவணம், கணக்கு டேட்டா ஆகியவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, செட்டப் ஃபைல்களை எல்லாம் விட்டுவிடுங்கள். விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிப் போடச் சொல்லுங்கள். கடையில் யாரோ பிரதி எடுத்து வைத்திருக்கும் டிரைவிலிருந்து போட்டால், சில சமயம் அதற்குள்ளேயே அடுத்த புழு இருக்கும்.

இனி வராமல் இருக்க

தினசரி வேலைக்கு, முழு அதிகாரம் இல்லாத ‘ஸ்டாண்டர்ட்’ பயனர் கணக்கு ஒன்றை விண்டோஸில் உருவாக்கி, அட்மின் கணக்கைத் தனியாக வையுங்கள். பிள்ளைகள் கேம் இறக்கும் கணினியில் இது ஒன்றே பாதி ஆபத்தைத் தடுக்கும். டிரைவைச் செருகியதும் தானாகத் திறக்க வரும் ஆட்டோபிளேயை செட்டிங்ஸில் அணையுங்கள். எக்ஸ்டென்ஷன் எப்போதும் தெரியட்டும், அப்போதுதான் ‘பில் பிடிஎஃப்’ என்ற பெயரில் வரும் இஎக்ஸ்இ கண்ணில் படும். ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் எஸ்எம்பி 1.0 டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய பிரிண்டருக்காக யாராவது போட்டுவிட்டிருப்பார்கள்.

பிரிண்ட் கடைக்கு முடிந்தவரை மெயிலில் அனுப்புங்கள், டிரைவைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு சிறிய டிரைவ், அதில் அன்றைக்கு வேண்டிய பிடிஎஃப் மட்டும். பக்கவாட்டில் பூட்டு உள்ள எஸ்டி கார்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பூட்டைத் தள்ளி வைத்தால் பெரும்பாலான கணினிகளால் அதில் எழுத முடியாது.

பேக்கப் டிஸ்க் எப்போதும் கணினியில் செருகியே இருந்தால் அது பேக்கப் இல்லை, பூட்டும் நிரல் அதையும் சேர்த்துப் பூட்டும். வாரம் ஒருமுறை செருகி, நகல் எடுத்து, நகலில் இருந்து ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு உருவி அலமாரியில் வையுங்கள். ஏல சீசனில் கணக்கு தினமும் மாறும், அப்போது தினமும்.

கடைசியாக, கணினியின் வயது. விண்டோஸ் 7-க்குத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு. 10 வைத்திருப்பவர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும், ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். கணினி 11-ஐ ஏற்கும் என்றால் மாறிவிடுங்கள். 7-இல்தான் அந்தப் பழைய கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் என்பவர்கள், அந்தக் கணினியை நெட்டில் இருந்து முழுதாகப் பிரித்து, கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரே ஒரு டிரைவ், அது வேறு எந்தக் கணினிக்கும் போகக் கூடாது.